மாதிரி வயலாக இருந்த வயிறு

மச்சான்,

மார்கழி பிறந்தால் வெள்ளிமலையில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடுகிறது. இன்று காலை பாட்டிலைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. ஈர்க்குச்சியை உள்ளே விட்டுக் கொஞ்சம் நோண்டி எடுத்து உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தேன். வெள்ளையாக இருந்தது உருகி, மணம் எழும்பியதும் கை தலைக்குப் போகவில்லை. வேட்டியைச் சற்று இறக்கிவிட்டு, வலது அடிவயிற்றில் இருக்கும் அறுவைத் தழும்புக்குத் தானாகப் போய்விட்டது.

காயம் மூடியபிறகு தினமும் கொஞ்சம் எண்ணெய் தடவி மெல்ல நீவிவிட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அதை எனக்குத் தினமும் நினைவூட்டியவர் நீங்கள். எப்போது நிறுத்துவது என்று டாக்டர் சொல்லவில்லை, நீங்களும் கேட்கவில்லை. நான் அரசாங்கத்தில் எழுத்தராகக் காலம் தள்ளியவன். திரும்பப் பெறப்படாத ஆணை செல்லும் என்பது எனக்குத் தெரியும். ஆணையிட்டவர் போன பிறகும் செல்லுமா என்று கேட்க, இந்த மலையில் இப்போது மேலதிகாரி யாரும் இல்லை. ஆகவே தடவிக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் குடலிறக்கம் வந்த வரலாறு உங்களுக்கு மிகவும் பிடிக்கும். அலுவலகத்துக்கு ஒரு இரும்பு பீரோ வந்தது. அதை வைத்த இடத்தில் மழை ஒழுகியது. நகர்த்த ஆள் கேட்டு மேலே எழுதினோம். பதில் வருவதற்குள் அடுத்த மழைக்காலம் வந்தது, நானே நகர்த்தினேன். அரசாங்கக் கோப்புகளை நகர்த்தியவர்கள் குறைவு. நகர்த்திய எனக்குக் கிடைத்த பரிசு அடிவயிற்றில் ஒரு வீக்கம். கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அறுத்துத் தைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, மலைப் பஸ்ஸில் ஏறவே கூடாது என்றார் டாக்டர். வளைவுகளில் பஸ் ஒரு பக்கம் சாயும், தையல் இன்னொரு பக்கம் இழுக்கும். நீங்கள் ஒரு வாடகைக் காரில் தலையணையோடு வந்து நின்றீர்கள். "நம்ம ஊருக்குப் போலாம் மாப்ள. களமருதூர்ல வளைவே கெடையாது, ஊரே சப்பட்டை" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதுதான் தெரிந்தது, சிரித்தால் எப்படி வலிக்கும் என்று. தலையணை எதற்கென்றும் தெரிந்தது.

வந்த அன்று மாலையே என் அறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டீர்கள்.

"மாப்ள, சத்தம் போடாதீங்க" என்றீர்கள்.

எனக்கும் உங்கள் தங்கைக்கும் அந்த வாரம் சண்டை எதுவும் இல்லையே என்று யோசித்துப் பார்த்தேன். நீங்கள் வேட்டியைத் தளர்த்தி, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தீர்கள். இடது அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம்.

"எனக்கும் கீது. உங்குளுக்கு சோத்தாங்கை பக்கம், எனக்கு பீச்சாங்கை பக்கம். அவ்ளோதான் வித்தியாசம்."

"எத்தினி நாளா மச்சான்?"

"மூட்டை ஏத்தறப்போ வந்துச்சு. ரெண்டு போகம் ஆயிடுச்சு."

"யாருக்குத் தெரியும்?"

"எனக்கும் மாட்டுக்கும்."

அன்று காலைதான் டாக்டர் நம் இருவரையும் நிற்கவைத்துச் சொல்லியிருந்தார், இந்த நோயைத் தள்ளிப்போடக் கூடாது, வெளியே வந்த குடல் ஒருநாள் உள்ளே போகாமல் மாட்டிக்கொண்டால் குடலும் சாகும் ஆளும் சாவான் என்று. நீங்கள் மரியாதையாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டீர்கள், வேறு யாருக்கோ சொல்வதைப்போல.

"நாளைக்கே போலாம் மச்சான்."

"இருங்க. உங்குளுது மொதல்ல ஆறட்டும். பாத்துட்டு சொல்றேன்."

இது பயம் என்று அப்போது நினைத்தேன். பயமும்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒரு வேளாண்மை முறை இருந்தது. உங்கள் ஊருக்குப் புதுப்புது நெல் ரகங்கள் வந்துகொண்டிருந்த காலம் அது. எந்தப் புது ரகத்தையும் முதல் போகத்தில் நீங்கள் போட்டதில்லை. வேளாண்மை அதிகாரிகள் யாராவது ஒருவர் நிலத்தில் மாதிரி வயல் போட்டுப் பலகை நடுவார்கள். நீங்கள் வரப்பில் உட்கார்ந்து தினமும் அதைப் பார்ப்பீர்கள். கதிர் சாய்கிறதா, பூச்சி விழுகிறதா, பதர் ஜாஸ்தியா என்று அறுப்பு வரைக்கும் பார்த்துவிட்டு மறுவருஷம் விதை கேட்பீர்கள். இப்போது மாதிரி வயல் என் வயிறு. பலகை ஒன்றுதான் இல்லை.

ஆக, நிலைமை இதுதான். என் தழும்பு ஒழுங்காக ஆறினால் நீங்கள் ஆஸ்பத்திரிக்குப் போவீர்கள். ஆறாவிட்டால் போகமாட்டீர்கள். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரு மனிதன் தனக்காகக் குணமாவதே சிரமம். நான் இரண்டு பேருக்குச் சேர்த்துக் குணமாக வேண்டியிருந்தது.

காலை வெயில் பின்வாசலில் விழுந்ததும் என்னை அங்கே நிற்கவைப்பீர்கள். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, வயலைப் பார்க்கும் அதே கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பீர்கள். தொடமாட்டீர்கள். "மேல் ஓரம் செவப்பு கம்மியாயிருக்குது. கீழ கொஞ்சம் தடிப்பு. அரிக்குதா?" என்பீர்கள். "அரிக்குது" என்றால் முகம் மலரும். "அரிச்சா வேர் புடிக்குதுன்னு அர்த்தம். சொறியாதீங்க." பொருக்கு உதிரத் தொடங்கியபோது என் நகங்களை நீங்களே வெட்டிவிட்டீர்கள். மாப்பிள்ளைக்கு மைத்துனன் மோதிரம் போடுவது ஊர் வழக்கம், நகம் வெட்டுவதை இன்றுதான் பார்க்கிறேன் என்று உங்கள் அம்மா சொன்னார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ரொட்டியும் சாத்துக்குடியும் ஆளுக்கொரு தடையும் கொண்டுவந்தார்கள். கத்தரிக்காய் அரிக்கும். தக்காளி புளிப்பு, சீழ் வைக்கும். கருவாட்டின் வாடை பட்டாலே தையல் விட்டுப்போகும். எல்லாத் தடைகளையும் ஒரே நாளில் கடைப்பிடித்திருந்தால் தண்ணீர் ஒன்றுதான் மிஞ்சியிருக்கும், அதையும் காய்ச்சித்தான் குடிக்க வேண்டும் என்று ஒருவர் சொல்லியிருந்தார். மருந்துகளும் வந்தன. மஞ்சள், வேப்பெண்ணெய், குப்பைமேனிச் சாறு, வெள்ளிமலையிலிருந்து என் அலுவலக நண்பர் கொடுத்தனுப்பிய மலைத்தேன். எல்லாவற்றையும் நீங்கள் கைநீட்டி வாங்கினீர்கள். ஒன்றையும் என்மேல் படவிடவில்லை. ஜன்னல் விளிம்பில் வரிசையாக வைத்தீர்கள்.

"ஏன் மச்சான், தேனு நல்லதுதான?"

"நல்லதாத்தான் இருக்கும். அதையும் இதையும் போட்டு ஆறிச்சின்னா, எதுனால ஆறிச்சின்னு எனக்கு எப்பிடித் தெரியும்? டாக்டர் இன்னா சொன்னாரோ அது மட்டுந்தான்."

சுத்தமாக வை, ஈரம் படாமல் வை, பாரம் தூக்காதே, நோண்டாதே. டாக்டர் சொன்னது அவ்வளவுதான். அதை நீங்கள் காவல் காத்ததைப்போல எந்தச் சட்டத்தையும் எந்த அலுவலகத்திலும் காத்து நான் பார்த்ததில்லை.

நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, உங்கள் அம்மா என் இடுப்பைக் கவனிக்கும் வரை.

ஆஸ்பத்திரியில் அறுவைக்கு முன் என் அரைஞாண் கயிற்றைக் கத்தரித்துக் குப்பையில் போட்டுவிட்டார்கள். எனக்கு அது நினைவிலேயே இல்லை. அத்தை ஒருநாள் நான் துண்டோடு வரும்போது பார்த்துவிட்டு அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

"உசுரோட கீற ஆம்பளைக்கு இடுப்புல கவுறு இல்லாம இருக்கலாமா? செத்தவனுக்குத்தான அறுப்பாங்க. என் பொண்ணு கழுத்துல தாலி இருக்குதே" என்றார்கள்.

அன்றே உளுந்தூர்ப்பேட்டைக்கு ஆள் போய்க் கறுப்புக் கயிறு வாங்கிவந்தது. அத்தை சாமி படத்தின் முன் வைத்து எடுத்து, தம் கையாலேயே கொடுத்துக் கட்டச் சொன்னார்கள். கயிறு இறங்கி, சரியாகத் தழும்பின் மேல்முனையில் வந்து உட்கார்ந்தது. நான் மாப்பிள்ளை, அவர்கள் மாமியார். எங்கள் இருவருக்கும் நடுவில் பேசுவதற்கு என்று இருந்த சொற்களில் அடிவயிறு என்ற சொல் கிடையாது. கட்டிக்கொண்டேன்.

சில நாளில் அந்த முனை சிவந்தது. பிறகு தோல் உரிந்து ஈரம் கசிந்தது. பின்வாசலில் நீங்கள் வெகுநேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்திருந்தீர்கள். எழுந்தீர்கள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டீர்கள். பதர் விழுந்த மாதிரி வயலிலிருந்தும் அப்படித்தான் எழுந்து போவீர்கள் என்று உங்கள் தங்கை சொன்னாள்.

அந்த வாரத்தில்தான் ஒரு மத்தியானம் களத்திலிருந்து மடங்கிக்கொண்டே வந்தீர்கள். நேராக என் அறைக்கு வந்து, தரையில் படுத்து, கால் இரண்டையும் சுவரில் தூக்கிப் போட்டீர்கள். முகமெல்லாம் வேர்வை.

"உள்ள போவ மாட்டேங்குது மாப்ள."

நான் கார் கொண்டுவர ஆள் அனுப்பக் கதவைத் திறக்கப் போனேன். "திறக்காதீங்க, அம்மா வந்துடும்" என்றீர்கள். அத்தனை வலியிலும் அதுதான் உங்களுக்குப் பெரிய கவலை. கையால் மெல்ல அழுத்திக்கொண்டே, எதையோ வேண்டிக்கொள்வதைப்போல உதட்டை அசைத்துக்கொண்டே கிடந்தீர்கள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. கடைசியில் அது உள்ளே போயிற்று. நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

"பாத்தீங்களா, போய்டுச்சி."

"அடுத்த தடவ போவலன்னா?"

நீங்கள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டீர்கள்.

"நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பலாம் மச்சான்."

"உங்குளுதப் பாத்தாத்தான் பயமா கீது. ஆறுன எடமே தண்ணி உடுது. நல்ல டாக்டரு அறுத்தே இந்த கெதின்னா, எனக்கு இன்னா ஆவுமோ."

அப்போது சொன்னேன். "டாக்டர் வெச்ச தையல் ஆறிடிச்சி மச்சான். உங்கம்மா கட்டுன கவுறுதான் அத ஆற உடமாட்டேங்குது. நல்லா பாருங்க. கவுறு படாத எடத்துல எங்கனா செவந்திருக்குதா?"

சுவரிலிருந்து காலை இறக்கி, எழுந்து உட்கார்ந்து, என் வேட்டியை நீங்களே விலக்கிப் பார்த்தீர்கள். கயிற்றை ஒரு விரலால் தூக்கிப் பார்த்தீர்கள். உங்கள் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"பயிர் மேல தப்பு இல்ல" என்றீர்கள் மெதுவாக.

ஆனால் கயிற்றை அவிழ்ப்பது யார்? நீங்கள் அவிழ்த்தால் அத்தை அன்றிரவு சாப்பிடமாட்டார்கள். நான் அவிழ்த்தால் ஆயுளுக்கும் பேசமாட்டார்கள். சாயங்காலம் அவர்கள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது போய் எதிரில் உட்கார்ந்தீர்கள். ஒரு வக்கீல் செய்திருக்க வேண்டிய வேலை.

"யம்மா, கவுறு ஒடம்புல இருந்தா போதுமா, இடுப்புலதான் இருக்கணுமா?"

"இன்னாடா கேக்கற? ஒடம்புல இருக்கணும்."

"தோளு ஒடம்பா இல்லியா?"

அத்தை முறத்தை நிறுத்திவிட்டு யோசித்தார்கள். "தோளும் ஒடம்புதான்" என்றார்கள்.

"அப்ப சரி. நீயே சொல்லிட்ட."

இன்னொரு கயிறு வாங்கி முடிந்து நீளமாக்கி, என் இடது தோளிலிருந்து வலது விலா வரை குறுக்காகப் போட்டுவிட்டீர்கள். நம்மூரில் ஒரு கயிறு இடுப்பிலிருந்து மார்புக்கு ஏறினால் அதற்கு அர்த்தமே வேறு. மறுநாள் காலை பால் கொண்டுவந்தவர் என்னைப் பார்த்துவிட்டுப் பாத்திரத்தை இறக்கவே மறந்துபோனார்.

"இன்னாங்க இது, மாப்ளைக்கு பூணூல் போட்டுட்டீங்களா? கறுப்பா கீது?"

"மலைமேல இருந்து வந்தவரு. வெள்ளையா இருந்தா அழுக்காயிடும்னு கறுப்பு" என்றீர்கள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல்.

நான் ஓடிப்போய்த் தலையணையை எடுத்து வயிற்றில் வைத்துக்கொண்டேன். அன்று முழுக்க ஊரிலிருந்து யாராவது எதையாவது கடன் கேட்கும் சாக்கில் வந்து என் மார்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். சமையலறையில் இனிமேல் கருவாடு கூடாதா என்று ஒரு பெரியம்மா உண்மையிலேயே கவலையோடு கேட்டார்கள். ஏற்கெனவே கூடாதுதான், காரணம்தான் மாறியிருக்கிறது என்றேன்.

கயிறு போன இடத்தில் கசிவு நின்றது. தோல் மூடியது. சிவப்பு பழுப்பாகி, பழுப்பு வெளுக்கத் தொடங்கியது. ஒருநாள் காலை நீங்கள் எழுந்து நின்று, கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டு, "போலாம் மாப்ள" என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் அரைஞாண் கயிற்றை அறுக்கக் கத்தரிக்கோலோடு வந்த வார்டு ஆளைப் பார்த்து, "அறுக்காத. அவுத்து குடு" என்று நீங்கள் சொன்னது எனக்கு இப்போதும் கேட்கிறது. அதைச் சுருட்டி என் கையில் வைத்தீர்கள். அன்றுதான் விஷயம் தெரிந்த அத்தை, புறப்படும்போதே நிபந்தனை போட்டிருந்தார்கள். மகன் உள்ளே கிடக்கும்போது அவன் கயிறு ஆணியில் தொங்கக் கூடாது, பையில் கிடக்கக் கூடாது, உயிருள்ள உடம்பில் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து அங்கே உயிரோடு, வேலையில்லாமல் நின்ற உடம்பு என்னுடையதுதான். தோளில் இரண்டாவது கயிற்றையும் போட்டுக்கொண்டு அறுவை அறைக்கு வெளியே நின்றேன். என் தழும்பை நான் ஒருபோதும் அவ்வளவு இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றதில்லை. இருமல் கூட வரவில்லை, ஆனாலும் பிடித்துக்கொண்டுதான் நின்றேன். டாக்டர் வெளியே வந்து, சட்டைப் பொத்தானுக்கு நடுவே தெரிந்த இரண்டு கயிறுகளையும் பார்த்தார்.

"உள்ள அவரு நல்லாயிருக்காரு. நீங்க?" என்றார்.

இதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் நியாயமே இல்லாதது. உங்கள் தழும்பை எனக்கு நீங்கள் காட்டவே இல்லை. நோயைக் காட்டினீர்கள், குணத்தைக் காட்டவில்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளிருந்து கேட்பீர்கள்: "மாப்ள, கீழ் ஓரத்துல முண்டு மாதிரி கீது, அது இன்னா?" நான் வெளியே நின்று, "அது தையல் முடிச்சி. கரைஞ்சிடும். அமுத்தாதீங்க" என்பேன். "செவப்பு?" "எவ்ளோ செவப்பு?" "உங்குளுது மாதிரிதான்." "அப்ப சரியாப் போவுது." பார்க்காத பயிருக்கு யோசனை சொல்லும் அதிகாரிகளை நான் நிறையக் கிண்டல் செய்திருக்கிறேன். அந்தப் பாவத்தை அந்தக் கதவுக்கு வெளியே நின்று கழித்தேன்.

கேட்டால், "நான் ஊருக்குள்ள நடமாடறவன், எனக்கு மரியாத கீது" என்றீர்கள். எனக்கு மரியாதை இல்லை என்று ஊர் முழுக்கத் தெரிவித்தவரும் நீங்கள்தான். களமருதூர்ப் பக்கம் யாருக்குக் குடலிறக்கம் வந்து கத்திக்குப் பயந்தாலும், "வெள்ளிமலை போய் எங்க மாப்ள வயித்தப் பாத்துட்டு வந்து பேசு" என்று அனுப்பிவிடுவீர்கள். அவர்களும் கரியாலூர் நீர்வீழ்ச்சியைப் பார்க்க வந்ததாகச் சொல்லிக்கொண்டு குடும்பத்தோடு வந்து இறங்குவார்கள். பெண்கள் உள்ளே போனதும் தொண்டையைச் செருமுவார்கள். நான் எழுந்து கதவைச் சாத்துவேன். நீர்வீழ்ச்சியில் கோடையில் தண்ணீர் இருக்காது. என் வயிறு ஆண்டு முழுவதும் திறந்திருந்தது. பார்த்துவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அவர்களுடைய தழும்பையும் எனக்கு யாரும் காட்டியதில்லை. நீங்கள் தொடங்கிவைத்த மரியாதை அப்படி.

நெஞ்சுவலி வந்து, வலி என்று சொல்லி முடிப்பதற்குள் நீங்கள் போனதாகச் சொன்னார்கள். அது வேறு இடம், அதற்கு நம்மிடம் மாதிரி வயல் இல்லை. குளிப்பாட்டும்போது நானும் ஒரு குடம் பிடித்தேன். தண்ணீரில் துணி விலகியது. இத்தனை வருடம் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்ததைப் பார்த்தேன். மெல்லிய, நேரான, வெளுத்த ஒரு கோடு. முண்டு இல்லை, தடிப்பு இல்லை. என்னுடையதைவிட நன்றாக ஆறியிருந்தது. எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. பிறகு துணியை இழுத்து மூடினேன்.

இதெல்லாம் இன்று எழுதக் காரணம் எண்ணெய் மட்டும் இல்லை. போன வாரம் உங்கள் ஊரிலிருந்து ஒருவர் வந்தார். டிராக்டர் ஓட்டுகிறவர், ஐம்பது வயதிருக்கும். டீயைக் குடித்துவிட்டு வெகுநேரம் மலையைப் பற்றியே பேசினார். கடைசியில், "அவுரு இருக்கறப்பவே உங்ககிட்ட போன்னு சொன்னாருங்க. நாந்தான் தள்ளிப்போட்டுக்கினே இருந்தேன்" என்றார். நான் எழுந்து கதவைச் சாத்தினேன்.

அவர் கண்ணாடி போட்டுப் பார்த்தார். "எங்கங்க, ஒண்ணும் தெரியலியே" என்றார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று விரலால் காட்டினேன். உங்கள் பயிர் அப்படி ஆறிப்போயிருக்கிறது. சாட்சிக்கு வந்தவருக்குச் சாட்சியே தெரியவில்லை.

அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நான் வேட்டியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது கேட்டார்: "அவுருக்கு எப்பிடிங்க இருந்துச்சி? அவுருதான் யாருக்கும் காட்ட மாட்டாரே."

எனக்குத் தெரியும். கவனித்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அதுவும் எப்போது பார்த்தேன் என்பதை அவருக்குச் சொல்ல முடியாது.

"எனக்கு ஆறினதவிட நல்லா ஆறியிருந்துச்சி. நேரா, ஒரு கோடு. கையால தடவுனாக்கூடத் தெரியாது" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். "அப்ப போய்க்கறேங்க" என்றார். எழுந்தவர் வாசற்படியில் நின்று, ரொம்பச் சங்கடத்தோடு, "நீங்களும் கூட வந்தா தேவலங்க" என்றார்.

மரியாதைக்காக நீங்கள் மறைத்துவைத்திருந்ததை உங்களைக் கேட்காமல் சொல்லிவிட்டேன், மச்சான். திங்கட்கிழமை விடிகாலை புறப்படும் முதல் பஸ்ஸில் கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிறேன். அவரை உள்ளே கொண்டுபோன பிறகு யாராவது வெளியே நிற்க வேண்டும் அல்லவா.